ஆபரணம் களைந்த ஆட்டம்

நவீன நாட்டியம் என்றாலே அது கடல் கடந்து வந்த சரக்கு என்றும், பட்டணத்து அரங்குகளில் பண்டிதர் நாலு பேர் தலையசைப்பதற்காகவே ஏற்பட்டது என்றும், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் ஜனங்களுக்கு அதனோடு ஒட்டுமில்லை உறவுமில்லை என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரோடிக் கிடக்கிறது. சந்திரலேகாவின் சிருஷ்டிகளைக் கொஞ்சம் ஊன்றிக் கவனிக்கிறவர்களிடம் இந்த அபிப்பிராயம் நிலைக்காது என்பதே என் கட்சி.

மகாராஷ்டிரத்தில் 1928இல் பிறந்து, சென்னைக்கு வந்து, காஞ்சீபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் சம்பிரதாய சுத்தமாகப் பரதம் பயின்ற அவர், 1952இல் ராயலசீமை வறட்சி நிவாரணத்துக்காக மேடையேறியபோது, யமுனையின் நீர்ப்பெருக்கை அபிநயித்த தம் கைகளுக்கும் வெடித்துக் கிடந்த நிலத்துக்கும் இடையிலிருந்த முரண்பாடு ஆட்டத்தின் நடுவிலேயே தமக்கு உறைத்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நடுவில் வெகுகாலம் மேடையை விட்டு விலகி, மாதர் இயக்கத்திலும் மனித உரிமைக் காரியங்களிலும் ஈடுபட்டவர், பரதத்தையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் ஒரே தேகத்தின் வெவ்வேறு சாத்தியங்களாக நிறுத்திய ‘அங்கிகா’வை 1985இல் அளித்தார். அதன் பிறகு அவருடைய நாட்டியங்களில் புராணக் கதையும் நகைச் சுமையும் படிப்படியாக உதிர்ந்து, அரைமண்டியும் மூச்சும் முதுகெலும்பும் மட்டுமே மிஞ்சின. ஓர் ஆணும் ஒரு பெண்ணும், குந்தேச்சா சகோதரர்களின் துருபத இசைக்கு அங்குலம் அங்குலமாக அசையும் ‘சரீரா’ (2001) அவருடைய கடைசிப் படைப்பு. அந்த நிதானம் சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கத்தான் செய்கிறது. எனினும் அவசரப்பட்டிருந்தால் அந்தப் படைப்பே இல்லை.

இதை அந்நியம் என்பவர்கள் நம் ஜில்லாவைச் சற்றே சுற்றிப் பார்க்கவேண்டும். கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பி, முகத்தின் நீளத்தைத் தாலம் என்னும் அலகாகக் கொண்டு, அந்த அளவிலேயே தேகம் முழுவதையும் கணித்துச் செதுக்குகிறான். தேகத்தை முதலில் ஒரு கணிதமாகக் கண்டு, பிறகே அதற்கு உயிரூட்டும் அந்தப் பார்வைதான் சந்திரலேகாவின் மண்டலங்களிலும் உள்ளது. திரௌபதியம்மன் திருவிழாவின் படுகளத்திலோ, மண்ணால் வனைந்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் கிடக்க, வேடமிட்ட பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடலைச் சுற்றிச் சுற்றிப் பொருது, அதன் தொடையிலிருந்து எடுத்த ரத்தத்தால் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு தேகங்கள்! எந்தப் பரிசோதனை அரங்கு இதைவிடத் துணிந்துவிட்டது? கூவாகத்தில் பல ஊர்களிலிருந்து வந்துசேரும் அங்கங்களைக் கூட்டி அரவானை எழுப்பும் மக்களிடம் போய், தேகமே நாட்டியத்தின் விஷயம் என்று விளக்கவேண்டிய அவசியமே இல்லை.

கல்வராயன் மலையின் சரித்திரமும் இங்கே நினைக்கத் தக்கது. தேசம் சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பதாண்டுகள் கழித்து, 1976இல்தான் அம்மலை ஜாகிர்தார்களின் ஆதிக்கத்திலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடியினரின் உழைப்பு ஜாகிர்தார்களுக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்தது. தேகத்தின்மீது யாருக்குப் பாத்தியதை என்ற கேள்வியைத்தான் சந்திரலேகாவும் வாழ்நாள் முழுவதும், முக்கியமாகப் பெண்ணின் தேகத்தை முன்னிறுத்திக் கேட்டார். மலையில் அது வயிற்றுக் கேள்வி, மேடையில் அழகியல் கேள்வி என்று இரண்டாகப் பிரிப்பது நம் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஆகவே குறை ரஸிகர்களுடையதன்று. ஜனங்களுக்குப் புரியாது என்று தாங்களே முடிவுகட்டி, இத்தகைய ஆட்டங்களைப் பெருநகரங்களுக்கு அப்பால் கொண்டுபோகாத சபாக்காரர்களுடையது. பாரதக் கூத்து நடக்கும் களத்தில் ஓர் இரவு ‘சரீரா’வை ஆடினால் முணுமுணுப்பு எழாது என்று நான் சொல்லவில்லை. எழும், ஆனால் அது புரியாமையால் அல்ல, நன்றாகப் புரிந்துவிட்டதன் கூச்சத்தால் எழுவதாக இருக்கும். அந்த முணுமுணுப்பு சென்னையிலும் எழுந்ததுதான்.