கை பேசும் கபடி

அமெரிக்கன் ஃபுட்பால்ல சென்டர் குனிஞ்சு கால் இடுக்கு வழியா பந்தைக் கொடுப்பார், குவார்ட்டர்பேக் வாங்குவார். எப்போன்னு குவார்ட்டர்பேக் குரல் கொடுக்கணும். ஸ்டேடியத்துல இரைச்சல்னா குரல் எடுபடாது, பக்கத்துல நிக்கிற கார்டு சென்டரைத் தட்டுவார். சொந்த அணி ஆள் முந்தி அசைஞ்சா 5 கெஜம் அபராதம்.

நம்ம தென்காசி, குற்றாலம் பக்கத்துக் கபடியும் இதே கதைதான் மக்களே! பாடி வர்றவன் எதிர்லயே நிக்கும்போது 'இப்ப பிடிடா'ன்னு கத்த முடியுமா? கார்னரும் பக்கத்து 'இன்'னும் கோத்திருக்கிற கைதான் பேசணும். ஒரு அழுத்து, அவ்ளோதான். கார்னர் கணுக்காலைப் பிடிச்ச அடுத்த நொடி இன் மேல விழணும். கொஞ்சம் பிந்தினாலும் அவன் கோட்டைத் தொட்டுடுவான், பாயிண்ட் போச்சு.

ஆனா டீம் எடுக்கும்போது ஒவ்வொருத்தனா நிறுத்தி உடம்பையும் ஓட்டத்தையும் பார்த்தா இந்தக் கைப்பேச்சு எங்கே தெரியும்? வருஷக்கணக்கா சேர்ந்து ஆடினவங்கள்ல ஒருத்தனை மட்டும் எடுத்தா பாதி திறமை ஊர்லயே நின்னுடுது. என் கட்சி இதுதான்: கார்னரையும் இன்னையும் ஜோடியாவே சோதிச்சு, ஜோடியாவே எடுங்க. 30 நொடி ரெய்டுக்குள்ள புதுசா பழகிக்க நேரம் கிடையாது :)

நீங்க என்ன நினைக்கிறீங்க?