நாலு தந்திக்கு நாலு கிதாரா?

போன மாதம் என் சிநேகிதி ஒருத்தி டெலிபோனில் கூப்பிட்டு அழாத குறையாகப் புலம்பினாள். "ஒரகடத்திலே இருக்கிற நம் மாப்பிள்ளை கிதார் கிதாராக வாங்கி அடுக்குகிறார். இருப்பது இரண்டே அறை. அதிலே நாலு கிதார்! நீ அந்தப் பக்கம் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயேன். நான் சொன்னால் மாமியார் சொன்னதாகிவிடும்" என்றாள்.

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்க எப்படியும் போகவேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தரிசனத்தை முடித்துக்கொண்டு ஒரகடத்துக்குப் புறப்பட்டேன். காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிற ஆலைகள் வழிநெடுக நிற்கின்றன. சொல்லவேண்டிய புத்திமதியை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தால் வாசலிலேயே செருப்புக் கூட்டம். உள்ளே மாப்பிள்ளையோடு ஆலை நண்பர்கள் மூன்று பேர். ஒருவர் நாகர்கோவில்காரர், ஒருவர் புனேக்காரர். மூன்றாமவர் இராத்திரி ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்திருந்தார். நடுவே பாயை விரித்து, கல்யாண வீட்டில் சீர்வரிசை பரப்பினாற்போல் ஏழு கிதார்கள்! அவரவர் தம்முடையதையும் எடுத்து வந்திருக்கிறார்கள்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது? எதற்கு இத்தனை?" என்று ஆரம்பித்தேன்.

"முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு யாராவது மாவு அரைப்பார்களா, அத்தை?" என்றார் மாப்பிள்ளை. என் பீரோ என் கண் முன்னே வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

இவை சாதாரணக் கிதார் அல்ல, பாஸ் கிதார். சாதாரணக் கிதாருக்கு ஆறு தந்தி. இதற்குப் பெரும்பாலும் நாலுதான். அதுவும் கனமான தந்திகள். கிதாரின் தடித்த நாலு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்ப்பார்களாம். ஆகக் கீழ்த் தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. காதில் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது என்பது என் அநுபவம்.

முன்பெல்லாம் இந்தக் கீழ்ஸ்வரத்துக்கு ஆளுயர டபிள் பாஸைத்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அதற்கு மெட்டும் கிடையாது. விரல் கொஞ்சம் பிசகினால் ஸ்வரமும் பிசகும். கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த லியோ பெண்டர் என்பவர் 1951-ல் மெட்டு வைத்து, தோளில் மாட்டிக்கொள்ளும்படி ஒன்றைச் செய்தார். ஸ்வரம் துல்லியமாக விழும் என்பதால் 'பிரிசிஷன் பாஸ்' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! 1960-ல் அதே கம்பெனி கழுத்து ஒடுங்கிய 'ஜாஸ் பாஸ்' கொண்டுவந்தது. மெட்டே இல்லாத பாஸ் கிதாரும் உண்டு. நம் கோட்டுவாத்தியத்துக்கு மெட்டு இல்லாததுபோல. அதில் ஸ்வரம் குழைவதை நாகர்கோவில்காரர் வாசித்துக் காட்டினார். அதை மட்டும் எனக்கே இரவல் கேட்கலாமென்று தோன்றிற்று.

இரவல் என்றதும் ஞாபகம் வருகிறது. நாலு பேருக்கும் ஓர் ஒப்பந்தம்: மாதத்துக்கு ஒரு தடவை ஆளுக்கொரு வாத்தியத்தை மாற்றிக்கொள்கிறார்கள். வாங்க முடியாததை இப்படி வாசித்துப் பார்க்கலாம் அல்லவா? வியர்வை பட்டால் தந்தி துருப்பிடிக்கும். ஆகையால் உலர்ந்த துணியால் துடைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். கொடுத்த புத்தகம் திரும்பி வராத இந்த நாட்டில் கிதார் திரும்பி வருகிறது, பாருங்கள்! திருமந்திரத்தைக் கோபுரத்தின் மேலேறி ஊருக்கெல்லாம் சொன்ன ராமாநுஜர் பிறந்த பூமி. அந்தக் காற்றோ என்னவோ.

அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவும் இல்லை. கட்டை மரத்தில் செய்தது. பெருக்கியில் இணைக்காவிட்டால் முணுமுணுப்புத்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டு நைட் ஷிப்ட்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்த ஹெட்போனை எனக்கும் மாட்டி, எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டார் மாப்பிள்ளை. சமையலறையில் நூறு தடவை கேட்ட பாட்டு. அதன் அடியில் இன்னொரு பாட்டு தன் பாட்டுக்கு நடந்துபோவது அன்றுதான் தெரிந்தது! அவருடைய எத்தனையோ பாடல்களுக்குப் பாஸ் வாசித்தவர் சசிதரன். ரஹ்மானுக்குக் கீத் பீட்டர்ஸ். டெலிபோனின் குட்டி ஒலிபெருக்கியில் இந்தக் கீழ்ஸ்வரங்கள் சரியாக எழும்புவதில்லை. அதனால்தான் இத்தனை நாள் எனக்குப் புலப்படவில்லை போலும்.

"ஆனாலும் இது ஆண்பிள்ளைகள் விளையாட்டுத்தானே?" என்றேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல். புனேக்காரர் சிரித்தார். அமெரிக்காவில் கரோல் கே என்ற கிதார்க்காரி. 1963-ல் ஒருநாள் ஒலிப்பதிவுக்குப் பாஸ் கலைஞர் வரவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்தவர், பிறகு ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசித்து, 2025-ல் தொண்ணூறாவது வயதில் காலமானார். நம் பம்பாயிலேயே மோகினி டே இருக்கிறார். தகப்பனாரிடம் சிறு வயதில் கற்று, ரஹ்மானோடு மேடை ஏறியவர்.

அப்புறம் நாகர்கோவில்காரர் ஒரு கதை சொன்னார். பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியில் வாங்கிய, பிடில் உருவத்து ஹாப்னர் பாஸ் கிதார் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து களவு போயிற்று. அரை நூற்றாண்டுக்கு அப்புறம் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்ததைக் கண்டுபிடித்து அவரிடமே சேர்ப்பித்தார்கள். 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது.

காப்பி கொண்டுவந்த என் சிநேகிதி மகள், தட்டை வைத்துக்கொண்டே, "நம் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கிறது" என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் விளங்கிற்று. எட்டு வருஷம் வீணை கற்றவள் அவள். சீரோடு சீராக வந்த வீணை அது.

"நீதானே வேண்டாமென்று மேலே வைக்கச் சொன்னாய்?" என்றார் மாப்பிள்ளை.

"இடமில்லை என்றுதான் சொன்னேன். வேண்டாமென்று சொல்லவில்லை."

அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை. சுவரோரம் மாப்பிள்ளையின் நாலு கிதார்களும் நிற்கிற தாங்கிகள் காலியாக இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஸ்டூலை எடுத்து வந்தார். புனேக்காரர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, வீணை கீழே இறங்கிற்று.

பழைய போர்வையை அவிழ்த்தோம். ஒரு தந்தி அறுந்து சுருண்டிருந்தது. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த சூட்டில் மெழுகு இளகி, மெட்டுகள் சாய்ந்திருந்தன. வீணைக்கு 24 மெட்டுகள். கிதாரில்போல மரத்தில் அறைந்தவை அல்ல, மெழுகில் பதித்தவை. மெழுகு கெட்டால் அத்தனையையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். நாகர்கோவில்காரர், ஆலையில் அளவுக் கருவியோடு பழகியவர், குனிந்து பார்த்து, "இதை எதைக் கொண்டு அளப்பார்கள்?" என்றார்.

"காதால்தான்" என்றாள் அவள்.

வாசிக்கிற தந்தி இதற்கும் நாலுதான். தாளத்துக்கு மூன்று தனி. அவள் உட்கார்ந்து, மிச்சமிருந்த தந்திகளில் ஒன்றை மீட்டினாள். சுருதி எங்கேயோ இருந்தது. ஆனாலும் அந்த அறையில் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை இரண்டு தாங்கிகளைக் கழற்றி, அந்த மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒத்திகை பார்த்த புத்திமதி அப்படியே என்னோடு பஸ் ஏறி வீடு திரும்பிவிட்டது. அன்று இரவே சிநேகிதி கூப்பிட்டாள்.

"சொன்னாயா?"

"இல்லை" என்றேன். "அது கிடக்கட்டும். தஞ்சாவூர்ப் பக்கம் வீணைக்கு மேளம் கட்டுகிறவர் யாரையாவது உனக்குத் தெரியுமா?"