புகைந்தால் போரா?

பழைய கார் நீலப்புகை தள்ளத் தொடங்கினால் ரிங்கும் போரும் போய்விட்டன என்றும், இன்ஜினை இறக்கிச் சிலிண்டரைச் சுரண்டிப் போர் போட்டாலன்றி அதற்கு வேறு கதியில்லை என்றும் கொள்ளும் அபிப்பிராயம், மணலூர்பேட்டையிலும் திருக்கோவிலூரிலும் கள்ளக்குறிச்சியிலும் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதிலுமே வேதவாக்கைப் போல் நிலைபெற்றிருக்கிறது. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரையும் மாருதி 800ஐயும் இன்னும் பிரியமாய் வைத்து ஓட்டுகிறவர்களை இந்த அபிப்பிராயம் அநாவசியச் செலவில் தள்ளுகிறது. அதைவிட, நல்ல இன்ஜின்களைப் பிரித்துக் கெடுக்கிறது.

ஆயில் எரிகிற அறைக்குள் புகுவதற்கு ரிங் ஒன்றுதானா வழி? வால்வுத் தண்டின்மேல் இருக்கும் ரப்பர் சீல் வருஷக்கணக்கான உஷ்ணத்தால் கட்டையாகிவிட்டாலும், கைடு தேய்ந்து தளர்ந்தாலும், ஆயில் மேலிருந்தே இறங்கும். இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டால், உள்ளே சேரும் அழுத்தமே ஆயிலை வெளித்தள்ளும். குறைகிற ஆயில் எரியவே இல்லாமல் கேஸ்கட் வழியே ஒழுகிப் போவதும் உண்டு. காலையில் காருக்கு அடியில் குனிந்து பார்க்கும் சிரமத்தைக்கூட ஏற்காதவர்கள் போருக்குத் தேதி குறித்துவிடுகிறார்கள்.

புகை எப்போது வருகிறது என்பதே முதற் கேள்வி. தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காணும்போது, கூட்டத்தில் நெடுநேரம் ஸ்லோவில் நின்ற பெட்ரோல் கார் நகரும் கணத்தில் ஒரு நீல மேகத்தை விட்டுப் பிறகு தெளிந்துவிட்டால், சந்தேகிக்க வேண்டியது வால்வு சீலையே. ஆக்சிலேட்டர் மூடியிருக்கையில் உறிஞ்சும் குழாயில் வெற்றிடம் மிகுந்து, தளர்ந்த கைடு வழியே ஆயிலை இழுத்துக்கொள்ளும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் நோக்கிக் காலெடுத்து இறங்கிவந்து, அடிவாரத்தில் மிதிக்கும்போது புகைந்தாலும் காரணம் அதுவே. மாறாக, அதே கல்வராயன் மலையில் பாரத்தோடு ஏறும்போது ஓயாமல் புகைந்தால் ரிங்கின்மேல் சந்தேகம் கொள்வது நியாயம். (டீசல் இன்ஜினில் அத்தகைய வெற்றிடம் உண்டாவதில்லை, ஆகையால் அதற்கு இந்தப் பரீட்சை செல்லாது.)

சந்தேகத்தை நிர்ணயமாக்குவதற்குக் கம்ப்ரெஷன் கேஜ் இருக்கிறது. சூடான இன்ஜினில் பிளக்குகளையெல்லாம் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து, குறைந்ததில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கையில் அழுத்தம் ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். அழுத்தம் நன்றாயிருந்தும் ஆயில் குறைகிறதென்றால் சீலோ, காலத்தில் ஆயில் மாற்றாததால் கசடு பிடித்து இறுகிப்போன ஆயில் ரிங்கோ குற்றவாளியாக இருக்கலாம். ரிங் இறுகியது என்பதற்காகச் சிலிண்டரைச் சுரண்டுவது எந்த சாஸ்திரம்?

சீல் மாற்றுவதற்கு இன்ஜினை இறக்க வேண்டுவதில்லை. பல இன்ஜின்களில் ஹெட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். பிளக் துவாரத்தின் வழியே நைலான் கயிற்றை நுழைத்து, பிஸ்டனை மேலேற்றி, வால்வு கீழே விழாமல் தாங்கவைத்து ஸ்பிரிங்கைக் கழற்றும் யுக்தியைப் பழைய மெக்கானிக்குகள் அறிவார்கள். கெட்டி ஆயில் ஊற்றிக் காலம் தள்ளலாம் என்கிறவர்களோ புகையைச் சற்றே மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புகையில் அந்த ஆயில் மேற்புறத்துக்குத் தாமதமாய் ஏறுவதை எண்ணுவதில்லை.

போர் போட்டே தீரவேண்டிய இன்ஜின்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் சிலிண்டரின் மேல்பாகமும் கீழ்பாகமும் எவ்வளவு வேறுபட்டுத் தேய்ந்திருக்கின்றன என்பதைப் போர் கேஜில் அளந்து காட்டிய பிறகே அதற்குச் சம்மதிக்க வேண்டும். ஏனெனில் லேத்தில் போன உலோகம் திரும்பாது, அடுத்தடுத்துப் பெரிய பிஸ்டன் போட்டுப் போட்டு, கடைசியில் ஸ்லீவ் இறக்க வேண்டியதாகிவிடும்.