தலைகீழாய்ப் பேசும் எண்

சித்திரை மாதத்தில் ஒருநாள், நம் பங்கு இல்லத்திற்குக் குடும்பத் தலைவர் ஒருவர் இரத்தப் பரிசோதனைச் சீட்டுடன் வந்தார். "சாமி, முன்பு டி.எஸ்.எச். 7, அடுத்த முறை 18. தைராய்டு இவ்வளவு கூடிவிட்டதே என்று மாத்திரையை நானே நிறுத்தச் சொன்னேன். ஒரு மாதமாயிற்று" என்றார். அருகே அவர் துணைவியார் போர்வைக்குள் ஒடுங்கி அமர்ந்திருந்தார். சித்திரை வெயிலில் போர்வை! முகம் ஊதி, குரலும் கம்மியிருந்தது.

நாம் மருத்துவரல்லோம். ஆயினும் இக்குழப்பத்தை வேறு இல்லங்களிலும் கண்டிருக்கிறோமாதலின், அவர்களை உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

டி.எஸ்.எச். தைராய்டிலிருந்து வருவதன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, கழுத்திலுள்ள தைராய்டுக்கு விடுக்கும் ஏவல் அது. வேலையாள் சோம்பினால் எசமானன் குரலை உயர்த்துவான் அல்லவா? அதுபோல், தைராய்டு நீர் குறையக் குறைய ஏவல் உரக்கும், எண் ஏறும். 18 என்பது மிகுதியன்று, பற்றாக்குறை. ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை சரியளவு என்பர். கருவுற்றோர்க்கும் முதியோர்க்கும் கணக்கு வேறு. மாத்திரை மிகுந்துவிட்டால் எண் மிகத் தாழும். நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பும் வலுவிழக்கும்.

மாத்திரை உண்டபோதே எண் ஏறியது ஏன்? மருத்துவர் துருவிக் கேட்டபின் தெரிந்தது: அம்மையார் அதைக் காலைக் காப்பியோடு விழுங்கி, உடனே இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு வந்தார். இரண்டும் மருந்தை உடலில் சேரவிடா. வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, காப்பிக்கு ஒரு மணி நேரமாவது பொறுக்கவேண்டும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. (இம்மாத்திரையிலுள்ள தைராக்ஸினை எட்வர்ட் கெண்டல் என்னும் அமெரிக்கர் முதன்முதலில் பிரித்தெடுத்தது 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளன்று என்பது நம் வாசகர்க்குச் சுவையான செய்தி.)

மறுசோதனைக்கு 6 வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாட்கள் ஆகுமாம். பிட்யூட்டரி அடங்குவதோ அதனினும் மெதுவாக. சோதனையன்று இரத்தம் கொடுத்தபின்பே மாத்திரையை உண்ணுதல் நன்று. முடி வளரப் பயோட்டின் உண்போர் முன்னரே மருத்துவரிடம் சொல்லவேண்டும். அது எண்களையே பொய்யாக்கிவிடும்.

ஆனியில் எண் 3.1 என வந்தது. "சரியாகிவிட்டதே, இனி நிறுத்தலாமா, சாமி?" என்றார் கணவர். மாத்திரை உண்பதனால்தான் அது 3.1 என்று நாம் விளக்குமுன், அம்மையார் முந்திக்கொண்டார்: "புட்டி இனி என்னிடமே இருக்கட்டும், சாமி."