சைக்கிள் ஓடப் பழக்கவும் ஒரு வகுப்போ?

"உதுக்கும் ஒரு வகுப்போ? நாங்கள் எல்லாம் விழுந்தெழும்பித்தானே பழகினனாங்கள்!" கொழும்புத்துறைப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்க ஒரு வகுப்பு வைப்பம் என்று கதையெடுத்தால், பெரியாக்கள் முதலில் இப்படித்தான் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குள் ஒரு காலம் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. விறகு, மூட்டை, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. வீட்டில் ஒரு சைக்கிள் நின்றது, ஒழுங்கையில் வாகனம் இல்லை, கெரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர ஒரு அண்ணாவோ மாமாவோ இருந்தார். ஆக, அவர்கள் தாங்களாகப் பழகவில்லை. ஊர்தான் பழக்கியது. வகுப்பு என்று பெயர் வைக்காத வகுப்பு அது.

இப்ப அந்த வகுப்பு இல்லை. வசதியுள்ள பிள்ளையை ரியூசனுக்கு மோட்டார் சைக்கிளிலோ ஓட்டோவிலோ ஏற்றி இறக்குகிறோம். ஏற்றி இறக்க ஆளில்லாத பிள்ளைக்குத்தான் சைக்கிள் கட்டாயம் வேணும். ஆனால் அந்த வீட்டில்தான் சின்னச் சைக்கிளும் இல்லை, பழக்க நேரமுள்ள ஆளும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு நாலுபேர் பார்க்க ரோட்டில் விழுந்தெழும்ப வெட்கப்படும் பெண்பிள்ளைகளும் விடுபட்டுப் போகிறார்கள்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பழக்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பட்டபோது ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். கேலியும் கேட்டார்கள். ஆனால் தண்ணி எடுக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட, விளைந்ததை விற்கப் போக, பஸ்ஸுக்கோ புருசனுக்கோ காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. எழுத்தைப் போலத்தான் சைக்கிளும் என்று அந்த இயக்கம் விளங்கி வைத்திருந்தது. தெரிந்தவர் எவரையும் கேட்காமல் போகலாம்.

இங்கே கலெக்டர் தேவையில்லை. ஒரு சனசமூக நிலையம், ஒரு விளையாட்டு மைதானம், வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கும் நாலைந்து சைக்கிள் போதும். பெடலைக் கழற்றி, சீற்றைப் பதித்து, காலால் உந்தி உந்திப் போகவிட்டால் முதலில் சமநிலை வரும். பிறகு பெடலைப் பூட்டலாம். கடைசியாக ரோட்டுப் பாடம்: இடப்பக்கம் போவது, வலப்பக்கம் திரும்ப முதல் பின்னால் பார்த்துக் கை காட்டுவது, பிரேக் பிடிப்பது. பெண்பிள்ளைகளுக்கு அக்காமார் பழக்கட்டும். கம்பஸில் படிக்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் கிழமையில் இரண்டு மணித்தியாலம் பெரிய விசயமில்லை.

"இப்ப ரோட்டு பயம்" என்பார்கள். உண்மை. அதுக்காகத்தான் பழக்கச் சொல்கிறோம். 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, சைக்கிள் தெரிந்தவர்களுக்கு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக ஒரு வழி இருந்தது. அடுத்த தட்டுப்பாடு எப்ப வரும் என்று எவருக்கும் தெரியாது. தட்டுப்பாடே வராவிட்டாலும், பத்து வயதுப் பிள்ளை தனியாக நூலகத்துக்குப் போய்வரலாமே. அது போதாதா?