குணமான பூனைக்கு வைத்தியர் எதற்கு?

பத்து வயது தாண்டிய பூனை ஓயாமல் தின்கிறது. ஆயினும் நாளுக்கு நாள் மெலிகிறது. இரவெல்லாம் கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றுகிறது. வீட்டாரோ, 'கிழத்திற்கு இளமை திரும்பிவிட்டது' என்று பூரிக்கிறார்கள். உண்மையில் அது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவு மீறி வேலை செய்வதன் அறிகுறி. பூனைகளுக்கு வரும் இவ்வியாதியை 1979-ல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் முதன்முதலாக விவரித்தார்கள்.

அந்நாட்டிலும் இங்கிலாந்திலும் இதற்குச் செய்யும் சிகிச்சை விசித்திரமானது. கதிர் வீசும் அயோடின்-131 என்னும் பொருளைத் தோலுக்கடியில் ஒரே ஒரு முறை ஊசியால் செலுத்துகிறார்கள். தைராய்டு அயோடினைத் தேடி இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. மிதமிஞ்சிச் சுரக்கும் பகுதி அதை வாங்கிக்கொண்டு தானே அழிந்துபோகிறது. 100 பூனைகளில் சுமார் 95 இந்த ஓர் ஊசியிலேயே குணமடைகின்றன.

சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பும் பூனையின் உடலில் கதிர் சிறிது எஞ்சியிருக்கும். 8 நாளுக்கு ஒரு முறை அது பாதியாகக் குறையும். ஆகையால் முதல் இரண்டு வாரங்களுக்கு அதை மடியில் வைத்துக் கொஞ்சக் கூடாது, படுக்கையிலும் சேர்க்கலாகாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் விலகியிருத்தல் வேண்டும். அது மலஜலம் கழிக்கும் மணலைக் கையுறையுடன் அள்ளி, ஆஸ்பத்திரியார் சொன்னபடி அப்புறப்படுத்த வேண்டும்.

இவ்வளவும் முடிந்ததும் பலர், 'பூனை பிழைத்தது. இனி வைத்தியர் எதற்கு?' என்று இருந்துவிடுகிறார்கள். நேயர்களுக்கு நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். தைராய்டு மிஞ்சியிருந்த காலத்தில் இருதயம் வேகமாக அடித்து, சிறுநீரகத்திற்கு ரத்தத்தை மிகுதியாகப் பாய்ச்சும். அதனால் நலிந்த சிறுநீரகமும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். வேகம் தணிந்ததும் மறைந்திருந்த நலிவு வெளிப்படும். அயோடின்தான் அதைக் கெடுத்தது என்று பழி கூறுவது நியாயமன்று. வேறு சில பூனைகளுக்குத் தைராய்டு அளவுக்குக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. அதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆனால் தைராய்டு மாத்திரை கொடுத்துச் சரிசெய்யலாம்.

இவற்றை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது. 1, 3, 6 மாதங்களில் ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், எடை ஆகியவற்றைச் சோதிப்பது வழக்கம். பூனை பருத்துவிட்டதே என்று எண்ணி இச்சோதனைகளை விட்டுவிட்டால், எளிதில் திருத்தக்கூடிய குறையும் திருத்த முடியாததாகிவிடலாம். ஊசிக்குப் பெரும்பணம் செலவழிப்பவர்கள், இந்த ஆறு மாதக் கவனிப்புக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைப்பது நலம்.