கடல் தாண்டலாம், ஜாதியை ஆராயக் கூடாதாம்!

கோயமுத்தூர்க் கலாசாலைப் பிள்ளைகள் அரை வருஷப் படிப்புக்கென்று வெளிநாடு போய் வருவதும், அவர்களில் சிலர் சர்வதேச உறவு என்னும் பாடத்தைப் படிப்பதும் இன்று சாதாரணமாகிவிட்டது. நாம் இதை மனமார வரவேற்கிறோம். கடல் தாண்டினால் ஜாதி கெடும், பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்ற சாஸ்திரம் குப்பைக்குப் போனதில் நமக்குப் பரம சந்தோஷம்.

ஆனால், போகிறவர்கள் யார்? பெரும்பாலும் பணமுள்ள வீட்டுப் பிள்ளைகள். இது புதிதுமல்ல. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் அவர்கள் ஆக்ஸ்போர்டில் படித்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரியாயிருந்தார். 1949-ல் இந்தோனேசியாவுக்குத் தூதராகவும் போனார். அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் அவர் இன்னதைப் படிக்கக் கூடாதென்று எவரும் விதி போடவில்லை. சொந்தப் பணம் கேள்வி கேட்குமா?

பண்ணையில் கூலிக்குப் பாடுபட்டவரின் பேரப்பிள்ளைக்கு ஜமீன் ஏது? அவர் நம்பியிருப்பது சர்க்காரின் உபகாரச் சம்பளம். மத்திய சர்க்காரின் தேசிய வெளிநாட்டு உபகாரச் சம்பளத் திட்டத்தில் 2022-ல் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இந்தியக் கலாசாரம், சரித்திரம், இந்தியாவைப் பற்றிய சமூக ஆராய்ச்சி ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது என்பதே அது. எது அந்த வகை என்று தீர்மானிப்பதும் அவர்களுடைய கமிட்டியே!

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானம், அவ்விஷயங்களுக்கு வேண்டிய நூல்களும் அறிஞர்களும் இந்தியாவிலேயே நிரம்ப இருக்கும்போது அயல்நாடு போவானேன் என்பது. அப்படியானால் நாம் கேட்கிறோம்: 1913-ல் பரோடா மன்னரின் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்ற அம்பேத்கர், 1916-ல் கொலம்பியா சர்வகலாசாலையில்தானே இந்திய ஜாதிகளைப் பற்றிய கட்டுரையை வாசித்தார்? இந்த விதி அன்றிருந்தால் அவர் கதி என்ன? 1917-ல் பரோடாவில் உத்தியோகத்துக்கு வந்தவருக்குக் குடியிருக்க வீடு கொடாத நாடா ஜாதி ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்திருக்கும்?

குறை நூலில் இல்லை. வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் இருக்கிறது. 1946-ல் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களை நடத்தும் விதத்தை இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்பியது. அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார்கள் அந்நாட்டு வெள்ளையர்கள். இந்தியா ஒப்பவில்லை. 2001-ல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. கூட்டிய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் ஜாதிப் பேச்சு வந்ததும், அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய சர்க்கார்! ஓர் ஏழை மாணவர் இந்த முரண்பாட்டை ஆராய விரும்பினால், அது இந்தியாவைப் பற்றிய சமூக ஆராய்ச்சி என்று கமிட்டி தள்ளிவிடலாமல்லவா?

வீட்டு விவகாரமாம்! 2016 மார்ச்சு 13-ல் உடுமலைப்பேட்டையில், ஜாதி மாறிக் கலியாணம் செய்துகொண்ட தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் ஒருவரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது வீட்டுக்குள்ளா, நடுத்தெருவிலா?

தோழர்களே! உபகாரச் சம்பளம் பொதுஜனங்களின் வரிப்பணமேயன்றி எவரும் போடும் பிச்சையல்ல. எதைப் படிப்பதென்று படிப்பவரே தீர்மானிக்கட்டும். நம் வீட்டுப் பணத்தில் போய்வரும் பிள்ளைகளும், உங்கள் ஊர் எப்படியென்று அங்கே கேட்டால், கோயிலையும் இட்டிலியையும் மட்டும் சொல்லித் தப்பித்து வராமல் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். நோயை மறைப்பவன் வைத்தியனுக்குப் பயப்படுவான். குணமாக வேண்டும் என்பவன் பயப்பட மாட்டான்.